கார்ல் லின்னேயஸ்: பெயர் வைப்பதில் மன்னன், ஒரு நோயில் மட்டும் சறுக்கியது எப்படி?

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் கார்ல் லின்னேயஸ். 1707-ல் ஸ்வீடனில் பிறந்து, மருத்துவம் படித்து, உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1753-ல் வெளியான அவரது 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' நூல்தான் இன்றும் தாவரப் பெயர்களுக்கு அடிப்படை.

அவர் காலத்து ஸ்வீடன் கிராமங்களை ஒரு நோய் பயமுறுத்தியது. கை கால் இழுத்துக்கொள்ளும், வலிப்பு வரும், உயிரும் போகும். அதிகம் மாட்டிக்கொண்டது குழந்தைகள்தான். தானியத்தோடு கலந்துவிடும் காட்டு முள்ளங்கி விதைதான் காரணம் என்று நினைத்தார் லின்னேயஸ். 1763-ல் அந்தச் செடியின் பெயரையே ஒட்டி நோய்க்கு 'ரஃபேனியா' என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஆனால், ஆள் மாறிப்போச்சு. நிஜக் குற்றவாளி, ரை கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக முளைக்கும் எர்காட் பூஞ்சை. அது மாவோடு சேர்ந்து அரைபடும் வரை, முள்ளங்கி விதையைப் பொறுக்கி எறிந்து என்ன பயன்?

1778-ல் லின்னேயஸ் இறந்தார். அந்தப் பூஞ்சையின் முழு வாழ்க்கைச் சுழற்சியை பிரான்ஸின் துலான் விளக்கியது 1853-ல்தான்.

அதே பேரினத்துப் பூஞ்சைதான் கம்பில் தேன் ஒழுகல் நோயைத் தருகிறது. காரணம் தெரிந்ததால் வழியும் எளிது: 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைப் போட்டால், பூஞ்சை பிடித்தவை மிதக்கும். அவற்றை அள்ளி எறிந்துவிட்டு, மற்றதைக் கழுவி விதைக்கலாம்.