தூரிகை இல்லாத உருவப்படம்

ஒருநாள் மேல்வகுப்பு மாணவருக்கு ஓர் உருவப்படத்தின் அச்சுப் பிரதியைக் காட்டினேன். கரிய உடை, கரிய தொப்பி, மார்பிலே ஊதா மலர்க்கொத்து, நேரே நோக்கும் பெரிய கண்கள். இவர் யார் என்று வினவினேன். செல்வச் சீமாட்டி என்றனர் சிலர். கணவனை இழந்தவர் என்றனர் வேறு சிலர். ஓவியர் என்று ஒருவரேனும் கூறினாரில்லை. அவர்களைக் குறைகூறேன், அப்படத்தை முதன்முதற் கண்டபோது நானும் அவ்வாறே எண்ணியவன்.

1872 இல் எடுவார் மனே தீட்டிய அப்படத்தில் இருப்பவர் பெர்த் மொரிசோ. 1841 இல் பிரான்சின் பூர்ஜ் நகரிற் பிறந்த இவர், தமக்கை எட்மாவுடன் கோரோ என்னும் ஓவியரிடம் பயின்றார். 1864 இல், இருபத்துமூன்றாம் வயதிலேயே, பாரிஸ் சலோன் கண்காட்சியில் இவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. மனே இவரைப் பத்துக்கு மேற்பட்ட தடவை தீட்டினார். அப்படங்களில் விசிறி உண்டு, மலர் உண்டு. தூரிகை மட்டும் இல்லை.

தூரிகையோடு இவரைத் தீட்டியவர் எட்மா. 1865 ஆம் ஆண்டளவில் தங்கையை வரைந்தபோது, தொழிலில் ஆழ்ந்து நிற்கும் ஓவியராகவே அவர் காட்டினார். 1869 இல் மணமுடித்த எட்மா, அதன்பின் ஓவியத்தைப் பெரும்பாலும் கைவிட்டார். தங்கை கைவிடவில்லை. 1874 இல் மனப்பதிவு ஓவியரின் முதற் கண்காட்சியிற் பங்குகொண்டார். அவ்வாண்டு இறுதியில் மனேயின் தம்பி யூஜீனை மணந்தார். 1878 இல் ஜூலி என்னும் மகளைப் பெற்றார். ஆயினும் அக்குழுவினர் நடத்திய எட்டுக் கண்காட்சிகளுள் ஏழில் இவர் படைப்புகள் இருந்தன. மணமான பின்னரும் மொரிசோ என்ற பெயரிலேயே அவற்றைக் காட்சிக்கு வைத்தார். 1885 இல் தம்மைத் தாமே தீட்டியபோது, வண்ணத்தட்டும் தூரிகையும் ஏந்தியவராக நின்றார்.

1895 இல், ஐம்பத்துநான்காம் வயதில், இவர் மறைந்தார். இறப்புப் பத்திரத்தில் தொழில் எதுவுமில்லை என்றே எழுதினர். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பை ஓர் எழுதுநர் ஒரு வரியால் அழித்துவிட்டார்!

இப்பொழுது அம்மலர்க்கொத்துப் படத்தை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கண்களையே முதலிற் பார்க்கிறேன். அவை அழகு காட்ட அமர்ந்திருப்பவரின் கண்கள் அல்ல. எதிரே நிற்கும் ஓவியரை மற்றோர் ஓவியர் அளந்து நோக்கும் கண்கள். தூரிகையைத் தர மறந்த மனே அந்த நோக்கை மறைக்கவில்லை. என் மாணவரிடம் யார் இவர் என்று நான் இனிக் கேட்பதில்லை. இவர் எதைப் பார்க்கிறார் என்றே கேட்கிறேன்.