ரஹீம் சாகிப்: ஒரு பயிற்சி ஆசிரியரின் சரிதம்

விதைத்த மறுநாளே கதிரைத் தேடிச் செல்லும் உழவன் உலகில் இல்லை. ஆயினும் பந்தாட்டக் களத்தின் ஓரத்தில் நிற்போருள் அத்தகையோர் மிகப் பலர். சேலம், நாமக்கல் சமவெளியிலே மழையை நம்பிச் சோளமும் நிலக்கடலையும் விதைத்துவிட்டு, வானத்தை நோக்கிப் பொறுத்திருக்கும் குடும்பங்களில் பிறந்த மாணவரும், தம் கல்லூரி அணி இரண்டு ஆட்டங்களில் தோற்றவுடன், பயிற்சி ஆசிரியரை மாற்றுக எனக் கூக்குரலிடுவதை நாம் காண்கின்றோம். இத்தகைய நண்பர்கள் அறியத்தக்க சரிதம் ஒன்றுண்டு. அது இந்தியப் பந்தாட்டத்தின் தலைசிறந்த ஆசிரியராய் விளங்கிய சையத் அப்துல் ரஹீம் அவர்களுடையது.

இவர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹைதராபாத்திலே பிறந்தார். உஸ்மானியா சர்வகலாசாலையில் கல்வி பயின்று, அதன் பந்தாட்ட அணியிலும் இடம் பெற்றார். பின்னர்ப் பள்ளி உபாத்தியாயராய் அமர்ந்தார். வகுப்பறையில் ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய பொறுமையையே இவர் ஆட்டக்களத்திலும் கைக்கொண்டார் எனலாம். 1943-இல் ஹைதராபாத் பந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசியாகி, இறுதிவரை அப்பதவியை வகித்தார். தனியே பந்தை உருட்டிச் சென்று கைதட்டல் பெறுவதைவிட, உடனுக்குடன் தோழனுக்கு அளித்தலே மேலென்று கற்பித்தார். வலிமை குன்றிய காலினாலேயே உதைக்க வேண்டுமென்னும் விதியுடன் இளைஞருக்குப் பந்தயங்களும் நடத்தினார். இவரது பயிற்சியில் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

1951-இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவிலே, இவர் பயிற்றுவித்த இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. தேசம் மகிழ்ந்தது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோல்வி நேர்ந்தது. நம் வீரருள் பலர் அக்குளிர் நாட்டில் வெறுங்காலுடன் ஆடினர். எதிர்த்த அணியோ அவ்விழாவில் வெள்ளிப் பதக்கம் பெற்ற வன்மையுடையது. ஆயினும் பத்துக் கோல்களை எண்ணும் மக்கள் காரணங்களை எண்ணுவரோ?

அன்றே ரஹீமை அறவே விலக்கியிருந்தால் என்னாகியிருக்கும்? இதற்கு விடை பின்னாளிலே கிடைத்தது. அவர் தோல்வியை ஒரு பாடமாகக் கொண்டார். உலகை வியப்பித்த ஹங்கேரியரின் முறையை ஆராய்ந்து, முன்னணி வீரரின் நிலைகளை மாற்றி அமைத்தார். வீரர்களும் பூட்ஸ் அணிந்து ஆடலாயினர். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம்மவர் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தினர். நெவில் டிஸோஸா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவிடம் 4-1 எனத் தோற்றனராயினும், அவ்வாட்டத்தின் முதற் கோல் நம்முடையதே. முடிவில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

அதன் பின்னரும் பாதை சமமாக இல்லை. 1958-இல் டோக்கியோவில் பதக்கம் கிட்டவில்லை. 1960-இல் ரோமாபுரியில் பிரான்சுடன் 1-1 எனச் சமமாக ஆடியும், ஒரு வெற்றியும் வாய்க்கவில்லை. அங்கே பெரு நாட்டிற்கு எதிராக நாம் அடித்த ஒரே கோல் தமிழரான சைமன் சுந்தரராஜுடையது.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விழாவின் போது ரஹீம் நோயுற்றிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியா 2-0 என நம்மை வென்றது. இஸ்ரவேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்தமையால், அந்நகர மக்களும் நம் அணியின் மீது சினங்கொண்டு கூச்சலிட்டனர். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென் கொரியாவே எதிர்ப்பட்டது. ரஹீம், தலையில் தையல் போட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னெய்ல் சிங்கை முன்னணியில் நிறுத்தினார். கோல் காக்கும் பணியைத் தங்கராஜிடம் ஒப்புவித்தார். பி. கே. பானர்ஜியும் ஜர்னெய்ல் சிங்கும் கோல் அடிக்க, 2-1 என வெற்றி கிட்டியது. முதல் தங்கத்திற்கும் இத்தங்கத்திற்கும் இடையே பதினொரு ஆண்டுகள் சென்றிருந்தன. மறு ஆண்டு, 1963 ஜூன் மாதத்தில், புற்றுநோயினால் அவர் உயிர் நீத்தார். அதற்குப் பின் ஆசிய விழாவில் பந்தாட்டத் தங்கம் நமக்கு வாய்த்ததில்லை.

பொறுமை என்பது குற்றத்தைக் காணாது கண்ணை மூடிக்கொள்வதன்று. பயிற்சி ஆசிரியரைக் குறித்து நாம் கேட்கத்தக்க வினாக்கள் இரண்டு: தோல்வியினின்று அவர் எதையேனும் கற்றாரா? அவரிடம் பயிலும் இளைஞர் வளர்கின்றனரா? இவ்விரண்டிற்கும் இல்லை என்பதே விடையாயின் மாற்றம் தகும். ஆம் என்பது விடையாயின், கோல்களின் கணக்கைப் பார்த்துப் பழிப்பது, கதிர் முற்றுமுன் பயிரைப் பிடுங்குவதாகும். அன்பார்ந்த மாணவர்காள், நம் அணி தோற்று வரும் மாலையிலும் களத்தின் ஓரத்தில் நின்று கைதட்டுவோமாக. ரஹீம் சாகிப் போன்ற ஆசிரியர் உருவாவதற்கு அவரது உழைப்பேயன்றி, நமது பொறுமையும் வேண்டும்.