விண்மீனின் அகம் நாடிய இளைஞர்

ஆண்டுதோறும் தசரா நாட்களில் நம் மைசூர் அரண்மனை இலட்சம் விளக்குகளால் ஒளிரும்போது, அதற்கு மேலுள்ள வானத்தை ஏறெடுத்துப் பார்ப்பவர் அரியர். பார்த்தாலும் இரண்டொரு மீன்களே கண்ணுக்குப் படும். விழா ஓய்ந்த பின்னர், சாமுண்டி மலையில் இருள் சூழ்ந்த ஓரிடத்தில் நின்று அண்ணாந்து நோக்கினால் அன்றோ, அந்த ஒளியை விடப் பழைய ஒளி ஒன்று மேலே காத்திருப்பது தெரிகிறது! அவ்வாறு நோக்கும் நம் இல்லத்துச் சிறுவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அந்த மீன்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதே அது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் சென்னை மயிலாப்பூரில் இதே கேள்வியைக் கைவிடாது பற்றிக்கொண்ட ஓர் இளைஞரின் தொடக்க நாட்களை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இந்த மண்ணுக்கும் அவர் முற்றும் அயலார் அல்லர். அவருடைய சிற்றப்பா சர் சி. வி. இராமன் 1933 முதல் பெங்களூரில் வாழ்ந்து, 1935-ல் மைசூர் மன்னரிடம் இராஜசபாபூஷணர் என்னும் சிறப்பைப் பெற்றவர்.

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தவர்; வயலின் இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் பள்ளியில் பயின்றது சிறிதே எனினும், இப்ஸன் எழுதிய பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்த அறிவுடையவர். உத்தியோக நிமித்தம் ஊர் ஊராகச் சென்ற குடும்பம் (நம்மில் பலருக்கும் பழகிய கதைதான்!) 1918-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. முதலில் வீட்டிலேயே பாடம் கேட்ட சிறுவர், பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்.

கல்லூரியிலேயே முதற் பிணக்கு எழுந்தது. மகனுக்குக் கணிதத்தின் மீது காதல். தந்தையார்க்கோ, மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி ஆட்சிப் பணியில் அமரவேண்டும் என்ற அவா. கணிதம் பயின்று என்ன பயன் என்பது அவர் எண்ணம். ஈற்றில் மகன் பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டு, கணித வகுப்புகளிலும் போய் அமர்ந்து கேட்டார். தந்தையாரை நாம் குறை கூற மாட்டோம். அந்நாளில் ஆராய்ச்சியை நம்பிக் குடும்பம் நடத்தத் துணிந்தவர் எத்தனை பேர்? அவருடைய தம்பி இராமனே கணக்குத் துறை உத்தியோகத்தில் பத்தாண்டுகள் இருந்த பின்னரே அதை உதறினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வானநூல் என்றதும் பெற்றோர் பலர் தொலைநோக்கி எங்கே வாங்குவது என்று கேட்கிறார்கள். சந்திரசேகருக்கு வானத்தைக் காட்டியது தொலைநோக்கி அன்று, ஒரு நூல். கேம்பிரிட்ஜ் பேரறிஞர் எடிங்டன் விண்மீன்களின் அக அமைப்பைப் பற்றி எழுதி 1926-ல் வெளியிட்ட பெருநூல், பௌதிகப் போட்டி ஒன்றில் பரிசாக அவர் கைக்கு வந்தது. மீன் என்பது வெறும் ஒளிப்புள்ளி அன்று; தன் எடையால் உள்நோக்கி நசுங்க முயலும் மாபெரும் வாயுக்கோளம்; உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமும் ஒளியின் அழுத்தமுமே அதைத் தாங்கி நிற்கின்றன என்ற செய்தியை அந்நூலில் அவர் படித்தார். காண இயலாத இடத்தைக் கணக்கால் காணலாம் என்ற துணிவும் அங்கிருந்தே பிறந்தது என நாம் கருதுகிறோம்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் இராமன் தம் புகழ்பெற்ற விளைவைக் கண்டார். அந்தக் கோடை விடுமுறையைச் சந்திரசேகர் சிற்றப்பாவின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். கருவிகளைக் கையாள்வதில் அவருக்குத் திறம் போதவில்லை. கணக்கே தம் வழி என்பது அவருக்கு அங்கே தெளிவாயிற்று. அக்கூடத்தில் நாள்தோறும் அடிபட்ட பேச்சுகளில் காம்ப்டன் விளைவும் ஒன்றாக இருந்திருக்கவேண்டும்; ஏனெனில் இராமனின் ஆராய்ச்சிக்கு அது நெருங்கிய உறவு உடையது. எக்ஸ் கதிர் ஓர் எலெக்ட்ரானின் மீது மோதிச் சிதறும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிடுகிறது என்று அமெரிக்க அறிஞர் காம்ப்டன் 1923-ல் காட்டியிருந்தார். அதற்காக 1927-ல் நோபெல் பரிசும் பெற்றார்.

இளைஞர் செய்தது என்ன? ஆய்வுக்கூடத்தில் கேட்டதையும் எடிங்டன் நூலில் படித்ததையும் ஒன்றாக வைத்து நோக்கினார். சூரியனின் நடுவிலே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை வெப்பம் என்று இன்று கணிக்கிறார்கள். அத்தகைய வெம்மையில் அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை இழந்து நிற்கும். அங்குள்ள ஒளியும் எக்ஸ் கதிராகவே இருக்கும். கதிரும் எலெக்ட்ரானும் ஓயாது மோதும் அவ்விடத்தில் காம்ப்டன் விளைவு என்ன செய்யும்? இக்கேள்வியை வெப்ப இயக்கவியலின் துணைகொண்டு ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை, இராமன் தொடங்கிய இந்தியப் பௌதிக ஏட்டின் மூன்றாம் தொகுதியில் 1928-ல் அச்சேறியது. பத்தே பக்கம். அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்த ஆண்டு அது.

அதே மாநிலக் கல்லூரியில், அதே பதினெட்டாம் வயதில், 22 ஆண்டுகளுக்கு முன்னர் 1906-ல், இராமனும் தம் முதற் கட்டுரையை இலண்டன் ஏடு ஒன்றில் வெளியிட்டிருந்தார். இந்த ஒற்றுமையைக் குடும்பப் பெருமையாகச் சிலர் பேசுவதுண்டு. ஆனால் மருமக்களும் தம்பி மக்களும் இன்னும் பலர் இருந்தனர். பக்கத்தை நிரப்பியவர் இவர் ஒருவரே.

முதற் கட்டுரை உலகைப் புரட்டியது என்று நாம் கூறவில்லை. அது தந்த துணிவே பெரிது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்பெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய நூலை ஊன்றிப் படித்திருந்த மாணவர், விடுதிக்கே சென்று அவரைக் கண்டார். தாம் கற்றவை யாவும் பழங்கதையாகிவிட்டன என்பதை நூலாசிரியர் வாயாலேயே கேட்க நேர்ந்தது! வேறொருவராயின் சோர்ந்திருப்பர். இவரோ, சோமர்பெல்ட் அளித்த அச்சுப்படியை வைத்துக்கொண்டு புதிய புள்ளியியலைக் கற்றுத் தேர்ந்தார். அதனைக் காம்ப்டன் சிதறலோடு இணைத்து இரண்டாம் கட்டுரை எழுதி, முன்பின் அறியாத கேம்பிரிட்ஜ் பௌலருக்கு 1929 ஜனவரியில் அஞ்சலில் அனுப்பினார். அது அவ்வாண்டே இலண்டன் இராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது.

பின்னர் நடந்தவை உலகறிந்தவை. 1930 ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறிய அவர், வழியிலேயே போட்ட கணக்கொன்றினால், ஆற்றல் தீர்ந்து சுருங்கும் வெண்குறு மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று கண்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படும் அந்த எல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1935 ஜனவரியில் இலண்டன் வானநூற் சங்கத்தில் அதை அவையறிய எள்ளியவர் வேறெவரும் அல்லர். பரிசு நூலின் ஆசிரியரான எடிங்டனே. இருந்தும் இருவர்க்கும் இடையே நட்பு முறியவில்லை. 1983-ல் வில்லியம் பௌலர் என்னும் மற்றோர் அறிஞரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சந்திரசேகர், 1995 ஆகஸ்டு 21-ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார்.

மீண்டும் 1930-க்கு வருவோம். கேம்பிரிட்ஜ் செல்ல அரசாங்க உதவித்தொகை கிடைத்தபோது தாயார் கடும் நோயுற்றிருந்தார். விட்டுச் சென்றால் மீண்டும் காண்பது அரிது என்பது மகனுக்குத் தெரியும், தாயார்க்கும் தெரியும். உத்தியோகமா ஆராய்ச்சியா என்ற வழக்கில் தொடக்கம் முதல் மகன் பக்கம் நின்றவர் அவரே. இப்போதும் போகவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. பத்துப் பக்கக் கட்டுரை அச்சில் வந்தபோது சீதாலட்சுமி அம்மையார் மயிலாப்பூர் இல்லத்தில் இருந்தார். மகன் 1933-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றபோது அவர் இல்லை. 1931 மே 21-ஆம் நாள், மகன் கடல் கடந்து இருக்கையிலேயே, காலமாகிவிட்டார்.