காற்றுக்காகக் காத்திருந்தவர்

கதை இல்லை, நாயகன் இல்லை, வசனமும் இல்லை. ஒரு நகரில் மழை வருகிறது, பெய்கிறது, ஓய்கிறது. ஏறத்தாழ 12 நிமிடங்களே ஓடும் ‘மழை’ என்னும் மௌனப் படத்தை முதன்முறை பார்த்தபோது, இதற்காகவா ஒருவர் படச்சுருளைச் செலவிட்டார் என்றே எண்ணினேன். மறுமுறை பார்க்கையில், ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் விழப்போகும் முதல் துளிக்காக நானும் காத்திருந்தேன்.

மன்னுஸ் பிராங்கனுடன் இணைந்து 1929-இல் அப்படத்தை உருவாக்கிய யோரிஸ் ஐவன்ஸ், 1898-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பிறந்தவர். தாத்தா ஒளிப்படக் கலைஞர். தந்தை ஒளிப்படக் கருவி வணிகர். திரையில் ஒரே மழையாகத் தோன்றுவது, உண்மையில் பல மாதங்கள் அலைந்து அவர் சேகரித்த பல மழைகளின் கோவை.

மனிதரின் துயரம் இதில் எங்கே என்று விமர்சகர்கள் கேட்டனர். அவர் அடுத்துச் சென்ற பாதையே அதற்கு விடையாயிற்று. பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கத் தொழிலாளர்களின் வறுமையை ஹென்றி ஸ்டோர்க்குடன் சேர்ந்து பதிவு செய்தார். 1937-இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் படமாக்கினார். இந்தோனேசிய விடுதலையை ஒடுக்கச் செல்லவிருந்த டச்சுக் கப்பல்களை ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் தொழிலாளர்கள் முடக்கியதை 1946-இல் காட்டினார். அப்போராட்டத்தில் இந்திய மாலுமிகளுக்கும் பங்குண்டு. அதனால் தாய்நாட்டு அரசின் சினத்துக்கு ஆளானார்.

அவர்மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. ஏழைகளின் பக்கம் நின்ற அந்தக் கண், கலாசாரப் புரட்சிக் காலச் சீனாவின் கொடுமைகளைக் காணத் தவறியது. கொள்கையின் உறுதி சில வேளைகளில் பார்வையை மறைத்துவிடுகிறது.

ஆனால், அவரது கடைசிப் படம் என்னை நெகிழச் செய்கிறது. மனைவி மார்சலின் லோரிடானுடன் 1988-இல் அவர் உருவாக்கிய ‘காற்றின் கதை’யில், தொண்ணூறை நெருங்கிய அம்முதியவர் சீனப் பாலைவனத்தில் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கிறார். ஆஸ்துமாவால் மூச்சுக்கே போராடியவர், கண்ணுக்குப் புலப்படாத காற்றைப் படம்பிடிக்கக் காத்திருக்கிறார். மறு ஆண்டு பாரிஸில் மறைந்தார்.

காற்று எந்தக் கொள்கைக்கும் கட்டுப்படாது, அழைத்தாலும் வராது. அதன் முன் மனிதன் செய்யக்கூடியது பொறுமையாகப் பார்ப்பது ஒன்றே. இத்தகைய படங்களின் அமைதி, உலகின் துயரிலிருந்து தப்பியோடும் வழியன்று. தீர்ப்புச் சொல்லும் முன் முழுமையாகப் பார்க்கக் கண்ணைப் பழக்கும் பயிற்சி அது. விரல் நுனியில் காட்சிகளைத் தள்ளிவிட்டு நொடியில் தீர்ப்பெழுதும் நமக்கு, அந்த 12 நிமிட மழை இன்றும் தேவைப்படுகிறது.