பட்டம் இல்லாத பறவை மேதை

ஆண்டாப் ஹில்லில் இருந்து சிவ்ரி கடற்கரை அதிக தூரம் இல்லை. குளிர்காலம் வந்துவிட்டால் அந்தச் சேற்று நிலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். குச்சி போன்ற நீண்ட கால். வளைந்த அலகு. இளஞ்சிவப்பு உடம்பு. பார்க்கப் போகும் பிள்ளைகள் தகப்பனிடம் கேட்பார்கள்: இதற்கு மட்டும் கால் ஏன் இவ்வளவு நீளம்? நிறம் ஏன் இப்படி? பல தகப்பன்மார்களுக்குப் பதில் தெரியாது.

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதையே ஒரு காலத்தில் உத்தியோகமாகப் பார்த்தவர் இதே நகரத்தில் வாழ்ந்தார். அவர் கல்லூரிப் பட்டம் வாங்காதவர். ஆனாலும் உலகப் புகழ் பெற்றார். அவர்தான் பறவை அறிஞர் சலீம் அலி.

சுட்ட குருவி

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். குடும்பத்தில் அவர்தான் கடைக்குட்டி. ஒரு வயதில் தகப்பனாரை இழந்தார். மூன்று வயதில் தாயாரும் இறந்துபோனார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி அவரைக் கேத்வாடியில் இருந்த தம் வீட்டில் வைத்து வளர்த்தார்.

மாமா ஒரு சிறிய காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். சிறுவன் அதை வைத்துக்கொண்டு குருவி சுட்டுத் திரிந்தான். ஒரு நாள் விழுந்த குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஊர்க்குருவி மாதிரிதான் இருந்தது. ஆனால் தொண்டையில் மட்டும் மஞ்சள் நிறம்! இது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டான். மாமாவுக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்காமல், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார்.

1883-ல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தின் செயலாளராக இருந்தவர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். சிறுவன் பயந்துகொண்டே உள்ளே போனான். மில்லார்டு அவனை விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். சலீம் அலியின் வாழ்க்கைப் பாதை அன்றே முடிவாகிவிட்டது.

வேலை கிடைக்கவில்லை

படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்ல. அடிக்கடி தலைவலி வந்து தொல்லை கொடுத்தது. 1913-ல் தட்டுத் தடுமாறி மெட்ரிக் தேறினார். சேவியர் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் விட்டார். குடும்பத்தார் பர்மாவில் சுரங்கமும் மர வியாபாரமும் நடத்தி வந்தார்கள். அதைக் கவனிக்கப் போனார். வியாபாரத்தைவிடக் காட்டில் உள்ள பறவைகள்தான் அவர் கவனத்தை இழுத்தன. வியாபாரம் நிலைக்கவில்லை.

1918-ல் தெஹ்மினா பேகம் என்ற பெண்ணை மணந்தார். குடும்பம் ஆகிவிட்டது. சம்பளம் வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை அறிஞர் வேலைக்கு முயன்றார். பட்டம் இல்லை என்பதால் அந்த வேலை கிடைக்கவில்லை.

1926-ல் ஒரு வழி பிறந்தது. பம்பாய் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவு புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. (இன்று அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா.) கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கும் பறவைகளையும் மிருகங்களையும் பார்வையாளர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளக்கிச் சொல்லும் வேலை அவருக்குக் கிடைத்தது.

இரண்டு வருடம் ஆனது. தம் அறிவு போதாது என்று அவருக்கே தோன்றியது. விடுப்பு எடுத்து ஜெர்மனி சென்றார். பெர்லினில் ஸ்டிரேஸ்மன் என்ற பேராசிரியரிடம் பறவையியல் கற்றார். அங்கே யாரும் அவரிடம் பட்டம் கேட்கவில்லை. 1930-ல் ஆசையோடு திரும்பி வந்தார். வந்து பார்த்தால் வேலை இல்லை! பணம் போதவில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

தூக்கணாங்குருவி காட்டிய உண்மை

வேலை போனவர் மனைவியுடன் அலிபாக் அருகே கிகிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போய்க் குடியிருந்தார். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஏணி வைத்து, மறைப்புக் கட்டி, அதற்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்.

நம் ஊர்ப் பனைமரத்தில் இந்தக் கூட்டைப் பார்க்காதவர் இல்லை. ஆனால் உள்ளே நடக்கும் குடும்பக் கதையைச் சலீம் அலிதான் விளக்கமாக எழுதினார். கூட்டை முடைவது ஆண் குருவி. பாதிக் கூடு முடிந்ததும் பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். பெண் தங்கிய பிறகே ஆண் மீதிக் கூட்டை முடிக்கும். பெண் முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கும்! வேலை இல்லாத காலத்தில் செய்த இந்த ஆராய்ச்சிதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

கூடு முடையும் ஆசை தூக்கணாங்குருவிக்குப் பிறவியிலேயே வருகிறது. இதுதான் பரம்பரைக் குணம். ஆனால் இளம் ஆணின் முதல் கூடு கோணல்மாணலாகத்தான் இருக்கும். பழகப் பழகத்தான் கை தேறும்.

பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம். மூட்டை தூக்கும் தகப்பனின் கையில் காய்ப்பு இருக்கும். பிறக்கும் மகனின் கையில் காய்ப்பு இருக்காது. ஆனால் மூக்கு தகப்பனின் மூக்காக இருக்கும். மூக்கு பரம்பரையாக வந்தது. காய்ப்பு உழைப்பால் வந்தது. அது பிள்ளைக்குப் போகாது.

பூநாரையின் கதையும் அதுதான். காலை நீட்டி நீட்டி எந்தப் பறவையும் காலை நீளமாக்கிக்கொள்ளவில்லை. சேற்று நீரில் கொஞ்சம் நீளக் கால் உள்ளது நன்றாக இரை தேடியது, பிழைத்தது, குஞ்சு பொரித்தது. குஞ்சுகளுக்கும் அந்தக் கால் வந்தது. இப்படி எத்தனையோ தலைமுறை கடந்து வந்ததுதான் இன்றைய கால். அலகும் அப்படித்தான். தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரைச் சல்லடை போல் அரிக்க ஏற்றது. ஆனால் இளஞ்சிவப்பு நிறம் தின்னும் இரையில் இருந்து ஏறுகிறது. குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறம்தான். பூநாரைகள் லட்சக்கணக்கில் கூடு கட்டும் கட்ச் உப்புப் பாலைவனத்துக்கு 1945-ல் சலீம் அலி நேரில் போய் ஆராய்ந்தார்.

ஊர் ஊராக

சமஸ்தானங்களுக்கு அவர் எழுதிப் போட்டார். சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுத்தால் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்னார். ஐதராபாத், கொச்சி, திருவாங்கூர் என்று ஊர் ஊராகப் போனார். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் அப்போது திருவாங்கூரில்தான் இருந்தன. காட்டிலும் கூடாரத்திலும் தெஹ்மினா துணையாக இருந்தார். 1939-ல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்த அம்மையார் காலமானார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. படம் பார்த்தே பறவையைத் தெரிந்துகொள்ளலாம். பிறகு அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து பத்துப் பாகங்கள் கொண்ட பெரிய நூலை எழுதினார். 1976-ல் பத்மவிபூஷண் விருது பெற்றார். கெட்டி பரிசும் கிடைத்தது. பரிசுப் பணத்தை, சிறு வயதில் தமக்குக் கதவைத் திறந்துவிட்ட கழகத்தின் பணிக்கே கொடுத்தார். 1985-ல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டார். பட்டம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்துக் கௌரவித்தன.

1987-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, தமது 90-வது வயதில், பம்பாயில் மறைந்தார். கோவை அருகே ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவை ஆராய்ச்சி மையம் 1990-ல் அமைக்கப்பட்டது.

தகப்பனின் மூக்கு மகனுக்குத் தானாக வரும். தகப்பனின் படிப்பு தானாக வராது, படிக்காமையும் வராது. பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் அனுப்பினால் போதும். கேத்வாடியில் ஒரு தாய்மாமன் செய்தது அவ்வளவுதான்.