மேசையில் உட்கார்ந்தபடியே உளவு உலகை ஆட்டிவைத்தவர்: ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்கின் கதை

ஜேம்ஸ் பாண்ட் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோட் சூட், ஆஸ்டன் மார்ட்டின் கார், அந்தப் பின்னணி இசை. ஷான் கானரியா, டேனியல் கிரெய்க்கா என்ற சண்டை வேறு. ஆனால், பாண்ட் முதலில் பிறந்தது திரையில் இல்லை, காகிதத்தில். அவரைப் பெற்றெடுத்த இயான் ஃபிளெமிங்கின் வாழ்க்கையே ஒரு நாவல் மாதிரிதான். படங்களுக்கும் நாவல்களுக்கும் சம அளவில் ரசிகன் என்ற உரிமையில் அதைச் சொல்கிறேன்.

பணக்கார வீட்டுப் பையன், ஒட்டாத வேலைகள்

1908 மே 28 அன்று லண்டனில் பிறந்தார் ஃபிளெமிங். அப்பா வாலன்டைன் ஃபிளெமிங் நாடாளுமன்ற உறுப்பினர். முதல் உலகப் போரில், 1917 மே மாதம், மேற்கு முனையில் கொல்லப்பட்டார். இயானுக்கு 9 வயது நிறைய அப்போது சில நாள்களே பாக்கி. செய்தித்தாளில் அப்பாவுக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில். அண்ணன் பீட்டரோ படிப்பில் கெட்டிக்காரர்; இளம் வயதிலேயே பயண எழுத்தாளராகப் பெயர் வாங்கிவிட்டார்.

தம்பியின் கதை வேற மாதிரி. ஈட்டன் பள்ளி, சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி என்று போனார், அதிகாரியாகாமலே வெளியேறினார். வெளியுறவுத் துறைத் தேர்விலும் இடம் கிடைக்கவில்லை. ராய்ட்டர்ஸில் செய்தியாளராகச் சேர்ந்து, 1933இல் மாஸ்கோவில் பிரிட்டிஷ் பொறியாளர்கள் மீது நடந்த வழக்கை நேரில் பார்த்து எழுதினார். அடுத்து வங்கி வேலை, பங்குத் தரகு. எதிலும் மனசு ஒட்டவில்லை. முப்பது வயசில் எந்த வேலை நமக்குச் சரின்னு குழம்பாதவங்க யார்?

அறை எண் 39

1939இல் வாழ்க்கை திரும்பியது. பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவின் தலைவர் ஜான் காட்ஃப்ரி, ஃபிளெமிங்கைத் தன் தனி உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பாண்டின் மேலதிகாரி 'எம்' பாத்திரத்துக்கு இவரும் ஒரு முன்மாதிரி என்பார்கள். அலுவலகம், கடற்படைத் தலைமையகத்தின் அறை எண் 39.

ஃபிளெமிங்கின் வேலை, யோசனை சொல்வது. பிடிபட்ட ஜெர்மன் விமானத்தை ஆங்கிலக் கால்வாயில் வேண்டுமென்றே விழவைத்து, காப்பாற்ற வரும் ஜெர்மன் படகைக் கைப்பற்றி, எனிக்மா ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை எடுப்பது என்று 1940இல் ஒரு திட்டம் போட்டார். அது நடக்கவே இல்லை.

இன்னொன்று நடந்தது. எதிரியை ஏமாற்றும் வழிகளின் பட்டியல் ஒன்று 1939இல் காட்ஃப்ரி பெயரில் வந்தது. அதை எழுதியது ஃபிளெமிங்காகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரு சடலத்தில் போலி ஆவணங்களை வைத்து எதிரி கையில் சிக்கவைக்கும் யோசனை அதில் இருந்தது. அதுவும் ஒரு துப்பறியும் நாவலில் இருந்து எடுத்தது! 1943இல் வேறு அதிகாரிகள் அதே பாணியில் ஸ்பெயின் கடலோரத்தில் ஒரு சடலத்தை மிதக்கவிட்டார்கள். சிசிலியில் இறங்கப்போன நேச நாடுகளின் படை கிரீஸுக்கு வரப்போகிறது என்று ஜெர்மானியர்கள் நம்பினார்கள். கதை, உளவு வேலையாக மாறிய தருணம் அது. 2021இல் வந்த 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' படத்தில் ஃபிளெமிங்கும் ஒரு பாத்திரமாக வருவார்.

எதிரியின் ஆவணங்களைக் கைப்பற்றும் ஒரு சிறப்புப் படையையும் அவர் வழிநடத்தினார், லண்டனில் இருந்தபடி. களத்துக்குப் போனவர்கள் வேறு ஆட்கள். கமாண்டர் பதவி மட்டும் அவருக்கும் பாண்டுக்கும் பொது.

ஜமைக்காவில் ஒரு தட்டச்சு இயந்திரம்

போர் முடிந்ததும் பத்திரிகை நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் மேலாளர் ஆனார். குளிர்காலந்தோறும் நீண்ட விடுப்பு கிடைத்தது. ஜமைக்காவில் கடலோரமாக 'கோல்டன்ஐ' என்ற வீட்டைக் கட்டியிருந்தார். 1952 தொடக்கத்தில், ஆன் சார்ட்டரிஸுடன் கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அங்கே உட்கார்ந்து 'கேசினோ ராயல்' எழுதினார். நாயகனுக்கு மிகச் சாதாரணமான பெயர் தேவைப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகள் பற்றிய நூல் ஒன்று அவரிடம் இருந்தது. அதை எழுதிய பறவையியலாளரின் பெயர் ஜேம்ஸ் பாண்ட். முடிஞ்சது கதை!

1953 ஏப்ரலில் நாவல் வெளியானது. பிறகு சாகும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் இதே வழக்கம்தான். மொத்தம் 12 நாவல்கள், 2 சிறுகதைத் தொகுப்புகள்.

நாவல் பாண்ட், சினிமா பாண்ட்

படம் மட்டும் பார்த்தவர்களுக்கு நாவல் பாண்ட் புது ஆளாகத் தெரிவார். அவருக்குப் பயம் வரும், சலிப்பு வரும். முதல் நாவலிலேயே அடி வாங்கி மருத்துவமனையில் கிடந்து, வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பார். 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலில் முதல் 10 அத்தியாயங்களில் பாண்டே கிடையாது. அவரைக் கொல்லத் திட்டம் போடுகிறவர்கள்தான் வருவார்கள். என்னைக் கேட்டால், அந்தக் காத்திருப்பின் பதற்றம் எந்தப் படத்திலும் வரவில்லை.

'மூன்ரேக்கர்' நாவல் இங்கிலாந்தை விட்டு வெளியே போகாது. 1979 படமோ விண்வெளிக்கே போய்விட்டது. 'ஸ்டார் வார்ஸ்' வெற்றி செய்த வேலை. 'ஆக்டோபஸி' சிறுகதை ஜமைக்காவில் நடக்கிறது. 1983இல் வந்த படம் உதய்ப்பூருக்கு வந்தது, நம்ம சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் நடித்தார். 2006இன் 'கேசினோ ராயல்'தான் நாவலின் வலியை ஓரளவு திரும்பக் கொண்டுவந்தது.

ரசிகன் என்பதற்காக ஒன்றை மறைக்க முடியாது. கறுப்பின மக்களையும் பெண்களையும் ஃபிளெமிங் எழுதிய விதம் இன்று படித்தால் உறுத்துகிறது. 2023இல் சில வரிகளைத் திருத்தித்தான் மறுபதிப்பு வந்தது. ஒரு பேரரசு சுருங்கிக்கொண்டிருந்த காலத்து ஆங்கிலேயரின் கனவு இது என்ற தெளிவோடு படிப்பதே சரி.

வெற்றி வரும்போது ஆள் இல்லை

1961 அவருக்குக் கலவையான ஆண்டு. அமெரிக்க அதிபர் கென்னடியின் பிடித்த புத்தகங்கள் பட்டியலில் அவர் நாவல் இடம்பிடித்தது. அதே ஆண்டு மாரடைப்பு. புகையும் மதுவும் உடம்பைத் தின்றிருந்தன. 'தண்டர்பால்' நாவலால் வழக்கும் வந்தது. பலர் சேர்ந்து உருவாக்கிய திரைக்கதையை அவர் தன் நாவலாக்கிவிட்டார் என்று கெவின் மெக்லோரி நீதிமன்றம் போனார். 1963இல் சமரசம் ஆனது. படமாக்கும் உரிமை மெக்லோரிக்குப் போனது. 1983இல் கானரி நடித்த பாண்ட் படம் ஒன்று வேறு நிறுவனத்திடம் இருந்து வந்ததற்கு இதுதான் காரணம்.

1962இல் 'டாக்டர் நோ', அடுத்த ஆண்டு 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படங்களை அவர் பார்த்தார். முதலில் கானரி மேல் நம்பிக்கை இல்லை. பின்னால் எழுதிய நாவல்களில் பாண்டை ஸ்காட்லாந்துக்காரரின் மகனாக்கினார். 1964 ஆகஸ்ட் 12, மகன் காஸ்பரின் 12ஆவது பிறந்தநாள் அன்று, மாரடைப்பால் இறந்தார். வயது 56. பாண்டை உலகப் பித்தாக்கிய 'கோல்ட்ஃபிங்கர்' படம் வந்தது அடுத்த மாதம்.

படிக்க ஆசை வந்தால் 'கேசினோ ராயல்', 'மூன்ரேக்கர்', 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' என்ற வரிசையில் தொடங்குங்கள். திரையில் பாண்டுக்குக் களைப்பே வராது. இந்தப் பக்கங்களில் வரும். அந்தக் களைப்பில்தான் ஃபிளெமிங் இருக்கிறார்.