தாம்பரம் சானடோரியம்: குளிர்காற்றை நம்பிய டாக்டர் சௌரி முத்து

பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷன் சானடோரியம். தினமும் ஏறி இறங்கும் பலருக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து.

அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. திறந்த ஜன்னல், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, இவைதான் சிகிச்சை. நுரையீரலுக்குக் குளிர்காற்று, உடம்புக்குக் கம்பளி. சிகிச்சை பலிக்கிறதா என்று சொல்ல வேண்டியது தெர்மாமீட்டர்.

காய்ச்சலில் ஏன் நடுங்குகிறோம்? உடல் சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்பது மூளையின் வழக்கமான கணக்கு. தொற்று வந்தால் மூளை அந்த அளவை உயர்த்திவிடும். அதை எட்ட, தசைகள் நடுங்கி சூடு உண்டாக்கும். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது வரும் நடுக்கத்திலும் பெரும்பாலும் தசைகள் செய்வது இதே வேலைதான். ஆனா காரணம் வேற. மயக்க மருந்து ரத்தக் குழாய்களை விரிப்பதால் உள்சூடு தோல் வழியாக வெளியேறி, உடம்பு நிஜமாகவே குளிர்ந்திருக்கும். அதனால்தான் இன்று வெதுவெதுப்பான காற்று நிரப்பிய போர்வை போர்த்துகிறார்கள்.

முத்துவின் மெண்டிப் சானடோரியத்தில் தங்கியவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1914-ல் இருவரும் ஒரே கப்பலில் இங்கிலாந்து போனவர்கள். குளிர்காற்று ராமானுஜனின் காய்ச்சலை விரட்டவில்லை. வேறு சானடோரியத்துக்கு மாறினார். ஊர் திரும்பி 1920-ல் இறந்தார். அது காசநோயே அல்ல, கல்லீரலில் அமீபா தொற்றாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். காய்ச்சல் இருப்பதைத்தான் தெர்மாமீட்டர் காட்டும்; ஏன் வந்தது என்று காட்டாது.

தாம்பரம் சானடோரியத்தை 1937-ல் அரசு ஏற்றது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு 1950-களில் சென்னையிலேயே நடந்த ஆய்வு, மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்று காட்டியது. சானடோரியம் என்ற யோசனையே காலாவதியானது.

ஆனா முத்து கட்டிய இடம் காலாவதியாகவில்லை. 1990-களில் எச்ஐவி நோயாளிகளைத் தொடவே பலர் பயந்தபோது, படுக்கை கொடுத்தது தாம்பரம்தான். திறந்த ஜன்னலும் வீண்போகவில்லை. காசநோய்க் கிருமி காற்றில் தேங்காமல் இருக்க, காற்றோட்டம் வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.